கதவைத் திறந்து வைத்த அறிவியலாளர்

தேக்காவில் தொடங்கும் பயணம்

கற்றல் பயணமாக லிட்டில் இந்தியாவுக்குச் செல்லும் மாணவர்கள் பலர் கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்தைப் பார்த்துவிட்டுச் சிராங்கூன் சாலையில் நடப்பார்கள். வழியில் பூமாலைக் கடைகள் இருக்கும். சிவப்பு ரோஜாவும் மஞ்சள் செவ்வந்தியும் சரம் சரமாகத் தொங்கும். நகைக்கடைக் கண்ணாடிக்குள் வைரக்கற்கள் மின்னும். இசைக்கருவிகள் விற்கும் கடையில் மிருதங்கம், தபேலா, வீணை ஆகியவை அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். கடைகளின் கூரைக்கு மேலே நீல வானம் தெரியும்.

இவற்றைப் பார்க்கும்போது பண்பாடு என்னும் சொல் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். அறிவியல் என்னும் சொல் எத்தனை பேருக்கு நினைவுக்கு வரும்?

ரோஜாவின் சிவப்பு எப்படி நம் கண்ணுக்குத் தெரிகிறது? வைரம் ஏன் ஒளிர்கிறது? மற்ற மேளங்களிலிருந்து மிருதங்கத்தின் நாதம் ஏன் வேறுபடுகிறது? வானம் ஏன் நீலமாக இருக்கிறது? இந்த நான்கு கேள்விகளையும் தம் வாழ்நாளில் ஆராய்ந்த தமிழர் ஒருவர் இருந்தார். அவர்தாம் சர் சி.வி. இராமன். இயற்பியலுக்கான நோபெல் பரிசைப் பெற்றவர் என்று அவரைப் பலரும் அறிவர். முதுமையில் பள்ளிப் பிள்ளைகளைத் தம் அரும்பொருளகத்துக்குள் அழைத்துச் சென்று ஒவ்வொரு பொருளாகக் காட்டி மகிழ்ந்தவர் என்பதைச் சிலரே அறிவர்.

இராமனின் வாழ்வில் சில கதவுகள் அவருக்காகத் திறந்தன. சில கதவுகளை அவரே மூடினார். பிறகு அவரே திறந்தார். அந்தக் கதவுகளின் கதையே இப்பாடம்.

வீட்டிலேயே ஓர் ஆய்வுக்கூடம்

சந்திரசேகர வெங்கட இராமன் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். தந்தை சந்திரசேகர ஐயர். தாய் பார்வதி அம்மாள். எட்டுப் பிள்ளைகளில் இராமன் இரண்டாமவர். அவருக்கு நான்கு வயது ஆனபோது, தந்தைக்கு விசாகப்பட்டினத்தில் கல்லூரி விரிவுரையாளர் வேலை கிடைத்தது. குடும்பமும் அந்தக் கடற்கரை ஊருக்குக் குடிபெயர்ந்தது.

அவ்வீட்டில் செல்வம் குறைவு, நூல்கள் நிறைய. தந்தை கணிதமும் இயற்பியலும் கற்பித்தவர். வயலின் வாசிப்பதிலும் விருப்பம் கொண்டவர். எனவே, அறிவியல் நூல்களும் இசையும் ஒரே வீட்டில் இருந்தன. சிறுவன் இராமன் படித்ததோடு நின்றுவிடவில்லை. படித்ததைச் செய்து பார்க்க விரும்பினான். பள்ளி நாள்களிலேயே மின்சாரம் உண்டாக்கும் டைனமோ ஒன்றைத் தானே செய்தான் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர்.

விளையும் பயிர் முளையிலே தெரியும் அல்லவா? இராமன் 11 வயதில் மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்றார். பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து 1904ஆம் ஆண்டு பி.ஏ. தேர்வில் முதலிடமும் இயற்பியலில் தங்கப் பதக்கமும் பெற்றார்.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஒருநாள் அவர் முப்பட்டகம் ஒன்றின் கோணத்தை அளந்துகொண்டிருந்தார். எல்லா மாணவரும் செய்யும் சாதாரணப் பயிற்சிதான் அது. ஆனால், ஒளி மிகவும் சாய்வாகப் பட்டபோது தோன்றிய ஒளிப்பட்டைகள் இருபுறமும் ஒரே மாதிரி இல்லை என்பதை அவர் கவனித்தார். பாடநூலில் அதற்கு விளக்கம் இல்லை. மற்றொருவராக இருந்தால் அளவை மட்டும் குறித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். இராமன் அதைத் தொடர்ந்து ஆராய்ந்தார். அந்த ஆய்வுக் கட்டுரை 1906ஆம் ஆண்டு இலண்டனின் புகழ்பெற்ற அறிவியல் இதழ் ஒன்றில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 18.

பௌ பஜார் தெருவில் திறந்த கதவு

அந்தக் காலத்தில் இந்தியாவில் ஆய்வையே தொழிலாகக் கொள்ள வாய்ப்பு இல்லை. மேற்படிப்புக்காக இங்கிலாந்து செல்லலாம் என்றால், அந்த நாட்டின் குளிரை அவருடைய மெலிந்த உடல் தாங்காது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். எனவே இராமன் நிதித்துறை அதிகாரிகளுக்கான தேர்வை எழுதி முதலிடத்தில் தேறினார். 1907ஆம் ஆண்டு எம்.ஏ. பட்டம், திருமணம், அரசாங்க வேலை மூன்றும் அடுத்தடுத்து வந்தன. தம் மனைவி உலோகசுந்தரி அம்மாளுடன் அவர் கல்கத்தாவுக்குப் புறப்பட்டார்.

கைநிறையச் சம்பளம்; மதிப்பான பதவி. ஆயினும் மனத்தில் ஒரு குறை. ஆய்வு செய்ய இடமில்லை.

ஒருநாள் டிராம் வண்டியில் சென்றுகொண்டிருந்தபோது பௌ பஜார் தெருவில் ஒரு பெயர்ப்பலகை அவர் கண்ணில் பட்டது. அது இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் பலகை. மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர் 1876ஆம் ஆண்டு அந்தக் கழகத்தைத் தொடங்கியிருந்தார். இந்தியர்கள் தாங்களே சோதனைகள் செய்து அறிவியலை வளர்க்க வேண்டும் என்பது அவரது கனவு. சோதனைக் கருவிகள் வாங்கப்பட்டன. விரிவுரை மண்டபம் கட்டப்பட்டது. ஆனால், ஆய்வு செய்ய இளைஞர்கள் வரவில்லை. அந்தக் கனவு நிறைவேறாமலேயே அவர் 1904ஆம் ஆண்டு காலமானார்.

இராமன் அங்கே சென்று கதவைத் தட்டினார். ஆசுதோஷ் டே என்பவர் கதவைத் திறந்தார். கல்லூரிப் படிப்பு இல்லாத அந்த எளிய மனிதர்தாம் பிற்காலத்தில் ஏறக்குறைய 25 ஆண்டுகள் இராமனின் ஆய்வுகளுக்கு உதவியாளராக இருந்தார். நிறுவனரின் மகன் அமிர்தலால் சர்க்கார் அப்போது கழகத்தின் செயலாளராக இருந்தார். தந்தை எதிர்பார்த்த இளைஞர் இப்போதாவது வந்தாரே என்று அவர் மகிழ்ந்தார். ஆய்வுக்கூடம் முழுவதையும் இராமன் பயன்படுத்திக்கொள்ள இசைந்தார்.

அன்று முதல் இராமனின் நாள் விடியற்காலையில் கழகத்தில் தொடங்கியது. பகலில் அலுவலகம், மாலையில் மீண்டும் கழகம், இரவில்தான் வீடு. இப்படியே பல ஆண்டுகள் உழைத்தார். 1917ஆம் ஆண்டு கல்கத்தாப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்தது. அரசாங்க வேலையில் கிடைத்த சம்பளத்தில் ஏறத்தாழப் பாதிதான் அங்குக் கிடைக்கும். இராமன் தயங்கவில்லை. அரசாங்கப் பதவியை விட்டு விலகினார்.

மிருதங்கமும் கடல்நீரும்

ஆய்வுக்குரிய பொருள் தொலைவில் இருக்க வேண்டும் என்று இராமன் எண்ணவில்லை. கோவிலிலும் கச்சேரியிலும் கேட்ட இசையையே அவர் ஆராயத் தொடங்கினார். வயலின், வீணை, தம்பூரா, தபேலா, மிருதங்கம் எனக் கருவிகள் அவருடைய ஆய்வு மேசைக்கு வந்தன.

தோலை இழுத்துக் கட்டிய சாதாரண மேளத்தைத் தட்டினால் பல அதிர்வுகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் எழும். அதனால் ஓசை உண்டாகும்; தெளிவான சுருதி உண்டாகாது. மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலின் நடுவில் கறுப்பு நிறப் பூச்சு ஒன்று இருக்கும். அது தோலின் எடையை நடுவில் கூட்டுகிறது. அதனால் அதிர்வுகள் ஒன்றோடொன்று இசைந்து, கம்பி வாத்தியத்தைப் போன்ற இனிய நாதம் பிறக்கிறது. பெயர் தெரியாத பழங்காலக் கைவினைஞர்கள் செவியாலேயே கண்டுபிடித்த இந்த நுட்பத்தை இராமன் அறிவியல் மொழியில் உலகுக்கு விளக்கினார்.

1921ஆம் ஆண்டு அவர் முதன்முறையாக ஐரோப்பாவுக்குச் சென்றார். திரும்பி வரும்போது நர்குண்டா என்னும் கப்பலில் பயணம் செய்தார். மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரைக் கவர்ந்தது. வானத்தின் நிறத்தைப் பிரதிபலிப்பதால்தான் கடல் நீலமாகத் தெரிகிறது என்று அக்காலத்துப் பெரிய அறிஞர் ரேலே பிரபு விளக்கியிருந்தார். அந்த விளக்கத்தைச் சோதித்துப் பார்க்க இராமன் விரும்பினார்.

கையில் ஒரு சிறிய முப்பட்டகக் கருவி இருந்தது. நீரின் மேற்பரப்பிலிருந்து பிரதிபலித்து வரும் ஒளியை அதன்மூலம் தடுத்துவிட்டுக் கடலைப் பார்த்தார். வானத்தின் பிரதிபலிப்புதான் காரணம் என்றால் அப்போது நீலம் மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை, இன்னும் அழகாகத் தெரிந்தது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்னும் முடிவுக்கு அவர் வந்தார். கப்பலிலேயே கட்டுரை எழுதி, பம்பாய்த் துறைமுகத்திலிருந்து இங்கிலாந்து இதழுக்கு அனுப்பினார். நீர் சிவப்பு ஒளியை உட்கவர்ந்துகொள்வதும் கடலின் நீலத்துக்கு ஒரு காரணம் என்று இன்றைய அறிவியல் கூறுகிறது. ஆயினும், பெரியவர் சொன்னதையும் சோதித்துப் பார்க்கும் துணிவு அந்தப் பயணத்தில் அவருக்குப் புதிய பாதையைக் காட்டியது.

ஒளியின் புதிய முகம்

கல்கத்தாவுக்குத் திரும்பிய இராமன், திரவங்களின் வழியே ஒளி செல்லும்போது என்ன நடக்கிறது என்று மாணவர்களுடன் சேர்ந்து ஆராய்ந்தார். அவர்களுள் கே.எஸ். கிருஷ்ணன் முக்கியமானவர். அவரும் தமிழகத்தைச் சேர்ந்தவரே. சூரிய ஒளி, சில வில்லைகள், நிறக் கண்ணாடிகள், கையடக்கமான நிறமாலைகாட்டி ஆகியவையே அவர்களிடம் இருந்த கருவிகள். ஏறத்தாழ 60 திரவங்களை அவர்கள் சோதித்தனர்.

சிதறும் ஒளியில் பெரும்பகுதி, உள்ளே சென்ற அதே நிறத்தில் வெளியே வந்தது. மிகச் சிறிய பகுதி மட்டும் நிறம் மாறி வந்தது. ஒளி மூலக்கூறின்மீது படும்போது அதனிடம் சிறிது ஆற்றலைக் கொடுக்கவோ அதனிடமிருந்து பெறவோ செய்கிறது. அதனால் ஒளியின் நிறம் மாறுகிறது. எவ்வளவு மாறுகிறது என்பது ஒவ்வொரு பொருளுக்கும் வேறுபடும். மனிதருக்குக் கைரேகை போல, பொருளுக்கு இந்த நிறமாற்றம். 1928ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் இதனை அவர் ஐயத்துக்கு இடமின்றி உறுதி செய்தார். இதுவே இராமன் விளைவு எனப்படுகிறது.

1930ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபெல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அறிவியல் துறையில் அப்பரிசைப் பெற்ற முதல் ஆசியர் அவரே. இன்று மருந்தின் தரத்தைச் சோதிக்கவும், பழைய ஓவியங்களின் வண்ணங்களை ஆராயவும், நகையில் பதித்த கல் உண்மையானதா என்று அறியவும் இராமன் விளைவு பயன்படுகிறது. பொருளை உடைக்கவோ கரைக்கவோ தேவையில்லை. ஒளியைப் பாய்ச்சினால் போதும்.

எல்லாருக்கும் திறக்காத கதவு

1933ஆம் ஆண்டு பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக இராமன் பொறுப்பேற்றார். அப்பதவியை வகித்த முதல் இந்தியர் அவர். அதே ஆண்டில் கமலா பாக்வத் என்னும் மாணவி அங்கே ஆய்வு செய்ய விண்ணப்பித்தார். திருமணத்துக்குப் பின் கமலா சோஹோனி என்று அறியப்பட்ட அவர், பம்பாய்ப் பல்கலைக்கழகத் தேர்வில் மிகச் சிறந்த மதிப்பெண் பெற்றவர். ஆனால், அவர் பெண் என்பதால் இராமன் இடம் தர மறுத்தார்.

கமலா பின்வாங்கவில்லை. தம்மை மறுப்பதற்கு உரிய காரணத்தைக் கேட்டு, இடம் கிடைக்கும்வரை போராடினார். முடிவில் இராமன் இணங்கினார். ஆனால் நிபந்தனைகள் விதித்தார். முதல் ஓராண்டுக்குக் கமலா முறையான மாணவியாக ஏற்கப்படமாட்டார். அவருடைய ஆய்வின் தரத்தைப் பார்த்த பின்பே முடிவு செய்யப்படும். கமலா கடுமையாக உழைத்தார். ஓராண்டு முடிந்ததும் இராமன் அவரை முழுமையாக ஏற்றுக்கொண்டார். 1939ஆம் ஆண்டு கமலா கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். எனினும், தாம் நடத்தப்பட்ட விதத்தை அவர் மறக்கவில்லை. பிற்காலத்தில் அதை வெளிப்படையாகவே குறை கூறினார்.

தட்டிய கதவு திறந்ததால் உயர்ந்தவர் இராமன். அவரே மற்றொருவருக்குக் கதவை மூட முயன்றது அவருடைய வாழ்வில் ஒரு குறையே. கமலாவின் உறுதியால் அக்கழகத்தில் பெண்களுக்கு வழி பிறந்தது. பின்னர் அன்னா மாணி என்னும் இளம் பெண் இராமனின் ஆய்வுக்கூடத்திலேயே சேர்ந்து வைரங்களையும் மாணிக்கக் கற்களையும் ஆராய்ந்தார். வானிலைக் கருவிகளை உருவாக்குவதில் அவர் பின்னாளில் புகழ்பெற்றார்.

இராமனின் அரும்பொருளகம்

இராமன் 1948ஆம் ஆண்டு, 60 வயதில், கழகத்திலிருந்து ஓய்வு பெற்றார். ஆய்வுக்கு அவர் ஓய்வு கொடுக்கவில்லை. மைசூர் அரசு வழங்கிய நிலத்தில் தம் பெயரால் ஓர் ஆய்வுக் கழகத்தை அமைத்தார். தொடக்கத்தில் அங்கே மின்சாரம்கூட இல்லை. கண்ணாடியைக் கொண்டு சூரிய ஒளியை அறைக்குள் திருப்பி அவர் சோதனைகள் செய்தார்.

அங்கே அவர் உருவாக்கிய அரும்பொருளகம் அவருடைய மனத்துக்கு மிகவும் நெருக்கமானது. பல நாடுகளிலிருந்து சேர்த்த கனிமங்கள், படிகங்கள், வைரங்கள், சங்குகள், சிப்பிகள், வண்ணத்துப்பூச்சிகள், பறவைகள் ஆகியவை அங்கு இடம்பெற்றன. அவை வெறும் அலங்காரப் பொருள்கள் அல்ல. ஒவ்வொன்றின் பின்னும் ஒரு கேள்வி இருந்தது.

எடுத்துக்காட்டாக, சிப்பியின் உட்பக்கத்தைப் பார்ப்போம். அது வானவில்லைப் போல நிறம் காட்டும். அதைத் திருப்பினால் நிறமும் மாறும். அதைப் பொடியாக்கினால் வெள்ளைத் தூள்தான் கிடைக்கும். அப்படியானால் அந்த நிறங்கள் எங்கே போயின? சிப்பிக்குள் சாயம் இல்லை. மிக மெல்லிய அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. அவற்றில் பட்டுத் திரும்பும் ஒளிக்கதிர்கள் ஒன்றோடொன்று கலப்பதால் நிறம் தோன்றுகிறது. சோப்புக் குமிழியில் நிறம் தெரிவதும் இப்படித்தான். சிப்பிகளின் நிறத்தைப் பற்றியும் பறவை இறகுகளின் நிறத்தைப் பற்றியும் இராமன் ஆய்வுக் கட்டுரைகளே எழுதியிருக்கிறார்.

அந்த அரும்பொருளகத்தில் ஓர் இருட்டறையும் உண்டு. விளக்கு எரியும்போது அங்குள்ள கற்கள் சாதாரணக் கற்களாகத் தெரியும். விளக்கை அணைத்துவிட்டுப் புறஊதாக் கதிர்களைப் பாய்ச்சினால் அதே கற்கள் பச்சை, சிவப்பு, நீலம் எனச் சுடர்விடும். நம் கண்ணுக்குத் தெரியாத கதிரை அந்தக் கல் ஏற்றுக்கொண்டு, கண்ணுக்குத் தெரியும் ஒளியாக வெளியிடுகிறது. வருபவர்களுக்கு இதைக் காட்டுவதில் இராமனுக்கு அளவற்ற மகிழ்ச்சி.

மூடிய வாயிலும் பள்ளிப் பிள்ளைகளும்

ஆனால், அந்த மகிழ்ச்சிக்கு இடையே ஓர் இருண்ட காலமும் இருந்தது. நாட்டில் அறிவியல் வளரும் விதம் பற்றி இராமனுக்கு மனக்கசப்பு ஏற்பட்டது. அரசாங்கத்தின் பணத்தை நம்பினால் ஆய்வாளரின் சுதந்திரம் போய்விடும் என்று அவர் அஞ்சினார். தம்மிடம் பயின்ற திறமைசாலிகள் பலர் வெளிநாடு சென்றதும் அவரை வருத்தியது. மெல்ல மெல்ல மற்றவர்களிடமிருந்து ஒதுங்கினார். வருகையாளருக்கு இடமில்லை, தொந்தரவு செய்ய வேண்டாம் என்னும் பொருளில் கழகத்தின் வாயிலில் அறிவிப்புப் பலகையும் வைக்கப்பட்டது.

அந்தத் தனிமை நீடிக்கவில்லை. இராமனை மீண்டும் வெளியே அழைத்து வந்தவர்கள் பிள்ளைகளே. பள்ளி மாணவர்களிடம் பேசுவதில் அவர் பெரும் நிறைவு கண்டார். தாமே பள்ளிகளுக்குச் சென்றார். மாணவர்களைத் தம் கழகத்துக்குள்ளும் வரவேற்றார். ஆண்டுதோறும் காந்தியடிகளின் பிறந்தநாளன்று அங்கே அவர் ஆற்றிய பொதுச் சொற்பொழிவுகளைக் கேட்கப் பொதுமக்களும் வந்தனர். தோட்டத்தில் பூத்த ரோஜா மலர்களே பலமுறை அவருடைய பாடப்பொருள் ஆயின. எழுபது வயதைத் தாண்டிய பின் மலர்களின் நிறத்தையும் மனிதக் கண் நிறங்களை உணரும் விதத்தையும் அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார்.

உலகப் புகழ் பெற்ற ஒருவர் சிறுவர்களுக்காக ஏன் இவ்வளவு நேரம் செலவிட வேண்டும்? விடை அவருடைய இளமையிலேயே இருக்கிறது. விசாகப்பட்டினத்துச் சிறுவனுக்குத் தொட்டுப் பார்க்கக் கருவிகளும் கேள்வி கேட்கத் தந்தையும் இருந்தனர். கல்கத்தா இளைஞருக்கு ஓர் ஆய்வுக்கூடமே திறந்தது. அந்த வாய்ப்புகள் கிடைக்காத பிள்ளைகளுக்கு அறிவியல் மனப்பாடம் செய்யும் பாடமாகவே நின்றுவிடும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

அகமதாபாத்தில் ஓர் அடிக்கல்

பெங்களூரில் இராமனின் வழிகாட்டுதலில் ஆய்வு செய்தவர்களுள் விக்ரம் சாராபாய் ஒருவர். இந்தியாவின் விண்வெளித் திட்டத்துக்கு வித்திட்ட அவர், பள்ளிகளில் அறிவியல் கற்பிக்கும் முறை மாற வேண்டும் என்றும் விரும்பினார். மாணவர்கள் தம் கையால் சோதனை செய்யவும், கருவிகளைக் கழற்றி மாட்டவும், மாதிரிகளை உருவாக்கவும் ஓரிடம் வேண்டும் என்று எண்ணினார். அதற்காகவே அகமதாபாத்தில் சமூக அறிவியல் நிலையத்தைத் தொடங்கினார்.

1968ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் அந்நிலையத்தின் அடிக்கல் நாட்டு விழாவுக்கு இராமன் வந்தார். அப்போது அவருக்கு வயது 80. அன்று அவர் எடுத்துக்கொண்ட பொருள், வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்பதே. விடையை உடனே சொல்லிவிடாமல், கேள்வியிலிருந்து கேள்விக்கு மாணவர்களை அவர் அழைத்துச் சென்றார். காற்றின் மூலக்கூறுகள் சூரிய ஒளியில் உள்ள நீலத்தைச் சிவப்பைவிட மிகுதியாகச் சிதறடிக்கின்றன. அதனால் பகல் வானம் நீலமாகத் தெரிகிறது. அப்படியானால், நிலா காயும் இரவில் வானம் ஏன் நீலமாகத் தெரிவதில்லை? நிலவொளியும் சூரியனிடமிருந்து வந்த ஒளிதானே? ஒளி மிகக் குறைவாக இருக்கும்போது நம் கண்ணால் நிறங்களை உணர முடிவதில்லை என்பதே விடை. இவ்வாறு வானத்தைப் பற்றித் தொடங்கிய பேச்சு மனிதக் கண்ணைப் பற்றிய பாடமாகவும் மாறியது.

இத்தகைய முயற்சி இந்தியாவில் மட்டும் நடக்கவில்லை. சிறுவர்களுக்கென்றே அமைந்த உலகின் முதல் அரும்பொருளகம் 1899ஆம் ஆண்டிலேயே நியூயார்க்கின் புருக்ளின் பகுதியில் திறக்கப்பட்டது. 1969ஆம் ஆண்டு பிராங்க் ஓப்பன்ஹைமர் என்னும் இயற்பியலாளர், வருபவர்கள் தாமே இயக்கிப் பார்க்கும் காட்சிப் பொருள்களைக் கொண்ட அறிவியல் கூடம் ஒன்றைச் சான் பிரான்சிஸ்கோவில் அமைத்தார். தொடாதீர்கள் என்னும் அறிவிப்பு இருந்த இடத்தில், தொட்டுப் பாருங்கள் என்னும் அழைப்பு உலகின் பல ஊர்களில் எழுந்த காலம் அது.

தோட்டத்தில் ஒரு மரம்

1970ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் இராமன் தம் கடைசி காந்தி நினைவுச் சொற்பொழிவை ஆற்றினார். அன்று அவர் பேசியது, காது எவ்வாறு ஒலியை உணர்கிறது என்பது பற்றி. சில வாரங்களில் ஆய்வுக்கூடத்திலேயே அவர் மயங்கி விழுந்தார். மருத்துவமனையில் சிறிது தேறியதும், தம் கழகத்துக்கே திரும்ப விரும்பினார். நவம்பர் 21ஆம் நாள் அங்கேயே அவர் உயிர் பிரிந்தது. அவருடைய விருப்பப்படி, கழகத்தின் தோட்டத்திலேயே உடல் தகனம் செய்யப்பட்டது. அவருக்கு எழுப்பிய நினைவுச் சின்னமாக அவ்விடத்தில் ஒரு மரம் நிற்கிறது.

இராமன் விளைவு உறுதி செய்யப்பட்ட பிப்ரவரி 28ஆம் நாளை இந்தியா தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறது.

அவர் மறைந்து ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு, 1977ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், சிங்கப்பூர் அறிவியல் நிலையம் ஜூரோங்கில் திறக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் கோல்மன் ஸ்திரீட்டில் சிறுவர்களுக்கென ஓர் அரும்பொருளகமும் வந்தது. இன்று பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கி, வரிசையாக உள்ளே சென்று, பயிலரங்கு மேசையில் கம்பியையும் மின்கலத்தையும் இணைத்து விளக்கை எரியவைக்கும் மாணவர்களுக்கு அந்தக் கதவுகள் எளிதாகத் திறக்கின்றன. இராமனின் இளமைக் காலத்தில் அத்தகைய கதவை ஒருவர் தேடிச் சென்று தட்ட வேண்டியிருந்தது. கமலா தட்டியும் அது உடனே திறக்கவில்லை.

பயிலரங்கு ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அங்கே பிறக்கும் கேள்வி வீடு வரை வரலாம். அடுத்த முறை சிராங்கூன் சாலையில் நடக்கும்போது, மாலைக் கடை ரோஜாவும் நகைக்கடை வைரமும் மிருதங்கமும் வானமும் அங்கேயே இருக்கும். அவற்றைப் பார்க்கக் கட்டணம் இல்லை. கேள்வி கேட்கவும் எவருடைய அனுமதியும் தேவையில்லை.

சிந்தித்து உரையாடுக

1. இராமனின் வாழ்வில் திறந்த கதவுகள் யாவை? அவர் மூட முயன்ற கதவுகள் யாவை?
2. ரேலே பிரபுவின் விளக்கத்தை இராமன் எவ்வாறு சோதித்துப் பார்த்தார்? அதிலிருந்து நீங்கள் கற்றுக்கொள்வது என்ன?
3. கமலா சோஹோனியின் நிலையில் நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? காரணத்துடன் கூறுக.
4. லிட்டில் இந்தியாவில் நீங்கள் காணும் ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, அதைப் பற்றி மூன்று அறிவியல் கேள்விகளை எழுதி நண்பருடன் கலந்துரையாடுக.